கொச்சியண்ணனின் சனிக்கிழமை

வானத்தில் இல்லாத மூன்று நட்சத்திரங்களைப் பார்த்ததாக ஒருவரிடம் நான் பொய் சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவர் என்னை நம்பினார். நம்பியதால், தன் அப்பாவுக்குக் கொடுத்திருந்த ஒரே வாக்கை ஊரே பார்க்க மீறினார். பிற்காலத்தில் நான் பள்ளி ஆசிரியராகி, வாய்மை பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த மூன்று நட்சத்திரங்களும் கரும்பலகையில் வந்து நின்றுகொள்ளும். பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அது யுத்த காலம். ஊர் கம்பம். என் தாய்மாமாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கும் காயை வாங்கி, தன் சரக்குக் கிட்டங்கியில் பெண்களை வைத்துத் தரம் பிரித்து, கொச்சி வரைக்கும் அனுப்புவார். ஏலக்காயில் அவருக்கு வந்த லாபமெல்லாம் பந்தில் போயிற்று என்று என் அம்மா சொல்வாள். ஊர் இளவட்டங்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார் மாமா. உழவு வீட்டுப் பையன்களும், பள்ளிவாசல் தெருப் பையன்களுமாக வெறுங்காலோடு ஆடுவார்கள். எல்லாரும் நன்றாக ஓடுவார்கள், நன்றாக உதைப்பார்கள். கோல் போடத்தான் ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க மாமா ஆள் பிடித்து வந்தது கொச்சியிலிருந்து. ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு முதலாளியைப் பார்க்கப் போனவர், அங்கே கடற்கரை மணலில் பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வாலிபரைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்துவிட்டாராம். கிட்டங்கிக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை அழைத்து வந்தார். கணக்கும் எழுதினார் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் ஒரு மனிதரை மலை தாண்டிக் கூட்டிவர மாட்டார்கள்.

இப்போது கொச்சி பக்கத்து ஊர் போலிருக்கிறது. அன்றைக்கு அப்படியில்லை. குமுளிச் சுங்கச் சாவடியைத் தாண்டினால் திருவிதாங்கூர் ராஜாங்கம். காசு வேறு, சட்டம் வேறு. கொச்சியோ அதற்கும் அப்பால் இன்னொரு ராஜாவின் நாடு. ஆகவே அவர் எங்களுக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்தான். பந்து ஆடுவதற்காகவே ஒருவர் நாடு விட்டு நாடு வந்திருக்கிறார் என்பதைச் சொல்லிச் சொல்லி மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

அவர் ஒரு யூதர். அந்தச் சொல்லை எங்கள் ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. சர்ச்சுக்குப் போவதில்லை என்பதால் அவர் கிறிஸ்தவர் இல்லை என்று முடிவாயிற்று. பன்றிக்கறி தின்ன மாட்டார் என்று தெரிந்ததும் பள்ளிவாசல் தெருக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டு, பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பினார்கள். தன் முறைப்படி அறுத்த கறியாக இல்லாததால் அவர் கறியை ஒதுக்கிச் சோற்றையும் தொடாமல் எனக்குக் கொடுத்துவிட்டார். அவர் எந்தச் சாதியில் சேர்த்தி என்ற ஆராய்ச்சியில் ஊர் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. முதல் ஆட்டத்தில் அவர் உத்தமபாளையத்துக்காரர்களுக்கு எதிராகப் போட்ட கோல்களுக்குப் பிறகு ஆராய்ச்சி நின்றுபோய், ஊருக்கே அவர் கொச்சிக்காரர் ஆனார். எனக்குக் கொச்சியண்ணன்.

பார்ப்பதற்கு ஒல்லியாக, நீளமாக, லேசாகக் கூன் போட்டு நடப்பார். ஆட்டத்தில் அதிகம் ஓட மாட்டார். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எதையோ தொலைத்தவர் போல நின்றுகொண்டிருப்பார். பந்து காலடிக்கு வந்துவிட்டால் போதும். அடுத்த நொடி பந்து வலைக்குள் இருக்கும். எங்கள் வலையும் ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்து மாமா கட்டியதுதான்.

மாமாவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு வரும்வரை வேலை கிடையாது, ஆட்டமும் கிடையாது. பந்தைக் கட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ, சனிக்கிழமையை மட்டும் எங்கும் விட்டுவிட்டு வராதே என்று சொல்லித்தான் அவருடைய அப்பா அவரை அனுப்பியிருந்தார். மாமா வெற்றிலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மற்ற ஊர், தோட்டத்து அணிகளோடு ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அந்தச் சத்தியம் சுலபமாகத்தான் இருந்தது.

கிட்டங்கியின் பின்பக்க அறையில் அவர் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்ததைச் சனிக்கிழமை ஆறியபடி சாப்பிடுவார். தீக்குச்சி கிழிக்க மாட்டார், பேனாவைத் தொட மாட்டார். மாலையில் மூன்று நட்சத்திரங்கள் வந்த பிறகுதான் நாள் முடியும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை. காய் உலர்த்தும் மொட்டை மாடிக்கு ஏணி வழியாக ஏறி, அண்ணாந்து நின்றுகொண்டிருப்பேன்.

"முதல்ல தெறிச்சு வருமல்லோ, ஒரு பெரிய வெள்ளி, அது கணக்கில இல்ல மோனே" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். "அது அவசரக்காரன். சின்னது மூணு, ஒரே நோட்டத்தில காணணும்."

மூன்றும் தெரிந்ததும் கத்துவேன். உடனே கீழே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும். நான் இறங்குவதற்குள் அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். ஏலக்காயை நசுக்கிப் போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுவார். பெரியவர்களுக்குக் கொடுப்பது போலவே எனக்கும் முழு டம்ளர். வீட்டில் எனக்குக் காப்பி கிடையாது.

அவரே ஏன் ஏறிப் பார்ப்பதில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். அவருக்குத் தூரப் பார்வை கிடையாது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். நட்சத்திரம் எப்படியிருக்கும் என்று பிறர் சொல்லிக் கேட்டதுதான். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய அணியில் சேரப் போனபோது, மைதானத்தின் மறுகோடியில் இருந்த கடிகாரத்தைக் காட்டி மணி என்ன என்று கேட்டார்களாம். அவரால் சொல்ல முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி போட்டால் கண் கெட்டவன் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதனால் கண்ணாடியும் போடாமல், தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்து மலையேறி வந்திருக்கிறார்.

"அப்ப கோலு எப்புடிண்ணே போடுறீக?"

"பந்து பக்கத்தில வந்தா காணாம், தெரியும். கம்பம் வெளுப்பா ஒரு கோடு போல காணாம். அது போதும். கீப்பரோட மொகம் காணாது. அதுகொண்டு பயமும் இல்ல." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாமா அறியண்டா, கேட்டோ. அறிஞ்சா என்னைப் பறஞ்சு விடும்" என்றார்.

மாமாவுக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார் என்று அவர் பயந்தார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாமாவும் நானுமாக அந்த மனிதருக்குச் செய்து கொடுத்த சத்தியங்கள் இப்படி இரண்டு.

அந்த வருஷம் கார்த்திகையில் கோப்பைக்கான கடைசி ஆட்டம். எங்களோடு மோதியது மலைமேல் தேயிலைத் தோட்டத்து அணி. பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை என்றுதான் இருந்தது. கோப்பையைக் கொடுக்கவேண்டிய வெள்ளைக்காரத் துரை ஞாயிறு காலையில் வெளியூர் புறப்படுவதாகச் சொல்லி ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். மாமா போய் மன்றாடிப் பார்த்தார். துரைக்குச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான்.

திரும்பி வந்த மாமாவிடம் பையன்கள், கொச்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

"கேக்க மாட்டேன்" என்றார் மாமா. "கேட்டா அவரு மொகத்துக்காகச் சரின்னுருவாரு. அப்புறம் ஏஞ் சத்தியம் என்னத்துக்கு?"

"அப்ப அவுக எடத்துல வேற ஆளப் போடுங்க."

"அதுவும் மாட்டேன். அது அவரு எடம். பத்துப் பேரா எறங்குவோம்."

பத்துப் பேராகவே இறங்கினார்கள். மலைப்பாதையில் லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டதால் துரையின் கார் வந்துசேர நேரமாகி, ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. கண்மாய்க்கரை ஓரத்து மைதானம். மேற்கே மலை. மலைமேல் கறுத்த மேகம். எங்கள் பள்ளத்தாக்கில் பொழுது முதலில் மலைக்குப் பின்னால் போய்விடும், வெளிச்சம் மட்டும் வெகுநேரம் ஊரில் தங்கியிருக்கும். அன்றைக்கு மேகத்தால் அந்த வெளிச்சமும் சீக்கிரமே மங்கிவிட்டது.

எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. பந்து திரும்பத் திரும்ப அந்தக் காலி இடத்துக்கே போய் உருண்டது. பழக்க தோஷத்தில் பையன்கள் அங்கேதான் அடித்தார்கள். தோட்டத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏலே, ஒங்க கொச்சிக்காரனுக்குச் சனி பிடிச்சிருச்சாமில்ல?"

"எள்ளு வெளக்குப் போடச் சொல்லுங்கலே, எறங்கி வருவான்."

மாமா காது கேளாதவர் போல நின்றார். கொச்சியண்ணன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் கூட்டத்துக்கிடையே நின்றிருந்தார். உள்ளே டிராயர் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நட்சத்திரம் வந்தால் இறங்கலாம் என்று அவருக்கும் ஓர் ஆசை இருந்திருக்கவேண்டும். தாமதமாகத் தொடங்கிய ஆட்டம் அல்லவா. ஆளுக்கு ஒரு கோல் விழுந்து, எங்கள் பையன்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த நேரத்தில் மாமா என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளி எப்ப மாப்ள மொளைக்கும்?"

"இன்னும் நேரங்கெடக்கு மாமா."

"அது மொளைக்கிறப்ப நாம தோத்துட்டு வீட்ல சோறு தின்னுக்கிட்டு இருப்போம்" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிறவர் அவ்வளவு நேரம் துடைக்க மாட்டார்.

நான் வேப்பமரத்தடிக்கு ஓடினேன். ஓடும்போதுதான் பொய்யை உருவாக்கினேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

"அண்ணே, மூணு வந்துருச்சு."

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். "மூணு கண்டோ? சரிக்கும் மூணு?"

"ஆமாண்ணே. மேகத்துக்கு நடுவுல அங்கன ஒண்ணு, தலைக்கு மேல ரெண்டு. சின்னதுதான். பெரிசச் சேக்கல."

பெரிய வெள்ளியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னதுதான் பொய்யிலேயே மோசமான பகுதி. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர். பக்கத்தில் நின்ற யாரையாவது அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், உனக்கே தெரியவில்லையா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நான் கைகாட்டிய திசையில் அண்ணாந்து பார்த்தார். கண்ணை இடுக்கினார். பிறகு, பார்த்துவிட்டவர் போல மெதுவாகத் தலையை ஆட்டினார். சுற்றி நின்றவர்களுக்காக ஆட்டிய தலை அது. மேற்கு நோக்கித் திரும்பி, உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார். வேட்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

பந்து காலி இடத்துக்குப் போனது. அங்கே இப்போது ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான் சொல்லவேண்டும். ஆட்டம் முடிய ஊதியபோது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம்.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஆட்டத்துக்கு நடுவராக இருந்த எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து, அண்ணாந்து பார்த்து, நிம்மதியாகச் சொன்னார்.

"நல்லவேளை, இருட்டுறதுக்குள்ள முடிச்சாச்சு. இன்னும் ஒரு வெள்ளிகூட மொளைக்கல பாருங்க."

தோளில் இருந்தவருக்கு அது கேட்டது. எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. முதலில் வானத்தைப் பார்த்தார், தன்னால் எதையும் பார்க்க முடியாத அந்த வானத்தை. பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார். "இறக்கு, என்னை இறக்கு" என்றார். கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை, அடக்கம் என்று நினைத்தவர்கள் இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். ஊர்த் தெருக்கள் முழுக்க அவரை அப்படியே சுமந்து போனார்கள். நான் அவருடைய வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டுக்காரர்களுக்குப் பின்னால் ஒளிந்து நடந்தேன். பெரிய வெள்ளி அப்போதுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒன்றும் நடக்காதது போல மொட்டை மாடிக்கு ஏறினேன். மூன்றும் வந்தன. கத்தினேன். கீழே தீக்குச்சி உரசவில்லை. மறுபடியும் கத்தினேன். இறங்கிப் பார்த்தால், இருட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, பெரிய பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அப்போதுதான் எழுந்து விளக்கை ஏற்றினார். என் கண்ணை நம்பியவர் இப்போது பாங்கை நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதைவிட அது ரொம்பவே தாமதமான நேரம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலத்தில், விளக்கு ஏற்றலாம் என்ற உரிமை வந்த பிறகும் ஒரு மனிதர் என்னால் இருட்டில் உட்கார்ந்திருந்தார். காப்பி ஒரு டம்ளர்தான் ஊற்றினார்.

"பொய் சொல்லிட்டேண்ணே" என்றேன்.

"அறியாம்" என்றார். தெரியும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"நாம செயிக்கணும்னு..."

"அதும் அறியாம் மோனே. நின்னோடு கோபம் ஒண்ணுமில்ல." தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, "இனி நீ ஏறண்டா" என்றார்.

அடித்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். கோபமில்லை என்று சொன்னதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்துவிட்டு மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரப் பொய்யைச் சொன்னேன். அதைச் சொன்னால் அவர் ஏன் நம்பினார் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. கண் விஷயமும் வெளியே வந்துவிட்டது. ஒரு துரோகத்தைத் துடைக்க இன்னொரு துரோகம். அதற்கும் எனக்கு மன்னிப்பு வேண்டும்.

மாமா என்னை ஒன்றும் செய்யவில்லை. "ஏஞ் சத்தியத்தையும் சேத்துல்லடா கெடுத்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மாமாவின் முகத்தைப் பார்த்ததுமே கொச்சியண்ணனுக்கு விளங்கிவிட்டது. கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார். எர்ணாகுளத்தில் ஒரு முறை நடந்தது, இங்கே இரண்டாவது முறை. பழகிய வேலையைச் செய்வது போலச் செய்தார். என் பேச்சால் அந்த மனிதருடைய ஆட்டமே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கெழம எறக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். எங்க வீட்டுப் பயலாலயே அது போச்சு. அதுக்கு நாந்தான் ஒங்ககிட்ட மாப்புக் கேக்கணும்" என்றார். கையைக் கூப்பினார். மாமா ஒரு சம்பளக்காரருக்குக் கை கூப்பி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தார். "இது என்னத்துக்கு?"

"கண்ணு காணாத ஆளு எதுக்கு முதலாளி?"

"கண்ணு தெரியாமயா இத்தன கோலும் போட்டீக?"

அவர் மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார்.

மாமா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஏலே மாப்ள, கண்ணு தெரியாமயே இத்தன போட்டிருக்காகளே. கண்ணாடிய மாட்டிவிட்டா என்ன கதி ஆவானுக மலைக்காரனுக?"

மறுவாரமே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடிக் கடையில் உட்காரவைத்தார். ஆட்டத்தில் விழாமலிருக்க ஏலக்காய் மூட்டை கட்டும் நூலால் கண்ணாடியின் இரண்டு காதையும் சேர்த்து முடிந்துகொண்டார் கொச்சியண்ணன். திரும்பி வந்த அன்று மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தவர், மலையில் வெள்ளையாகத் தொங்கிய ஒரு கோட்டைக் காட்டி அது என்ன என்று கேட்டார். மழைக்காலத்தில் இறங்கும் அருவி என்றேன். அத்தனை மாதம் அதற்கு எதிரேதான் குடியிருந்திருக்கிறார். மலையில் மரங்கள் தனித்தனியாக இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

கண்ணாடியோடு இறங்கிய முதல் ஆட்டத்தில் தோட்டத்துக்காரர்கள் அவரைக் குருட்டுக் கொக்கு என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு கூப்பிடவில்லை. அதுவரை பந்தை வாங்க மட்டுமே தெரிந்தவர், இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக் கொடுக்கவும் தொடங்கிவிட்டார். அடுத்த வருஷமே மதுரையில் ஒரு மில் அணி அவரை அழைத்துக்கொண்டது. மாமா பேருந்து நிலையம் வரை பெட்டியைத் தானே தூக்கிப்போனார். மதுரையிலிருந்து பம்பாய் போனார். யுத்தம் முடிந்து, நாடு சுதந்திரமாகி, யூதர்களுக்கென்று தூரத்தில் ஒரு நாடு உண்டான சில ஆண்டுகளில் வயதான அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

கொச்சி வியாபாரிகள் மூலம் மாமாவுக்கு அவ்வப்போது சேதி வரும். அங்கேயும் ஆடினாராம். கண்ணாடியும் நூலுமாகவே ஆடினாராம். ஆனால் அந்த நாட்டில் பெரிய ஆட்டங்களெல்லாம் நடப்பது சனிக்கிழமையில்தான் என்று கேட்டபோது மாமா முதலில் நம்பவில்லை. பிறகு சத்தமாகச் சிரித்தார். எங்கள் ஊரில் காப்பாற்ற முடிந்த சனிக்கிழமையை அவர் தன் சொந்த நாட்டில் போராடிக் காப்பாற்றவேண்டியிருந்தது. பெரிய அணிகளை விட்டுவிட்டு, வார நாளில் ஆடும் ஒரு சிற்றூர் அணியில் சேர்ந்து, முடி நரைக்கும்வரை ஆடி, பிறகு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பது கடைசியாகக் கேள்விப்பட்டது. அங்கே அவருக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்துப் பத்துப் பேராக இறங்கும் ஆள் யாராவது இருந்தார்களா என்று மாமா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைப்பது, கண்ணாடி வந்த வாரத்துச் சனிக்கிழமையை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏறவேண்டாம் என்று சொல்லியிருந்ததால் நான் கிட்டங்கிச் சந்தில் சும்மா நின்றிருந்தேன். இனி அவருக்கு என் கண்ணும் வேண்டாம், பாங்கும் வேண்டாம். தானே அண்ணாந்து பார்த்துக்கொள்வார். செய்த தப்புக்கு ஏதோ செய்தாகிவிட்டது என்று ஒரு திருப்தியும், இனிமேல் காப்பி கிடையாது என்று ஒரு வருத்தமும் சேர்ந்தே இருந்தன.

கொச்சியண்ணன் வெளியே வந்தார். ஏணியடியில் நின்று என்னைப் பார்த்தார்.

"மோனே."

போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நூலைச் சுற்றி, பத்திரமாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஏணியைக் காட்டினார்.

"ஏறி நோக்கு. எண்ணிட்டுச் சொல்லு."

ஏறினேன். பெரிய வெள்ளி வந்தது, அதை விட்டுவிட்டேன். சின்னதில் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவது வந்த பிறகும் வாயைத் திறக்காமல், கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். இன்னும் பல வந்தன. அப்புறம்தான் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் கீழே தீக்குச்சி உரசியது. ஏலக்காய் நசுங்கும் மணம் வந்தது. டம்ளர்கள் இரண்டு என்பது அவற்றின் சத்தத்திலேயே தெரிந்தது.

பாவம், மதுரைக்காரன் ஏமாற்றிவிட்டான், கண்ணாடி இவருக்குச் சரியாக இல்லை என்று நினைத்துக்கொண்டே நான் ஏணியில் இறங்கினேன்.